நெமிலிச்சேரியை விட்டுப் போன கடல்

1983 கார்த்திகையில் கடல் நெமிலிச்சேரிக்கு வந்தது. ஏழு வருடம் இருந்தது. புயலோ இரைச்சலோ இல்லை. முதல் ரயிலுக்குப் போனவர்கள், ஸ்டேஷனுக்கு வடக்கே வயல் இருந்த இடத்தில் அதைப் பார்த்தார்கள். ரயில் வந்ததும் ஏறிப் போனார்கள். ஒரு வருடத்துக்குள் நெமிலிச்சேரி கடற்கரை ஊராகிவிட்டது. நாற்று நட்ட பெண்கள் மீன் கழுவினார்கள். அலையை மீறிப் பேசிப் பேசி எல்லோருக்கும் குரல் பெரிதாயிற்று. மாதா கோயில் மணியில் களிம்பு ஏறியது.

கெங்கம்மாளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. கடல் வந்த வாரமே அது நின்றது. முப்பத்திரண்டு வயதில்தான் அவள் மல்லாந்து படுத்துத் தூங்கப் பழகினாள். அவள் கணவன் நாகப்பன் ஊர்க்கோடி லேத் பட்டறையில் வேலை பார்த்தான். உப்புக்காற்றில் அங்கே மெஷின்கள் துருப்பிடித்தன. கடல் போகாவிட்டால் பட்டறையை மூடிவிடுவதாக 1990இல் முதலாளி சொன்னார். தொழிலாளர்கள் கடலுக்கே ஒரு மனு எழுதினார்கள். நாகப்பனும் கையெழுத்துப் போட்டான்.

"என் மூச்ச நெனச்சியாய்யா?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"வேல பூட்ச்சுன்னா சோத்துக்கு இன்னாமே பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை மனுவைக் கரையில் நின்று உரக்கப் படித்தார்கள். கடல் கேட்டுக்கொண்டது. திங்கள் காலை பின்வாங்கத் தொடங்கியது. இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு கெங்கம்மாள் அதன் பின்னால் நடந்தாள். நாகப்பன் அதைப் பார்த்தான். சாயங்காலம் திரும்பிவிடுவாள் என்று நினைத்துப் பட்டறைக்குள் போனான். அவள் களைத்து நின்ற இடங்களில் கடலும் நின்றதாக வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் இருவரும் எண்ணூர் போய்ச் சேர்ந்தார்கள்.

1993இல் பட்டறை வேறு காரணத்துக்காக மூடப்பட்டது. நாகப்பன் எண்ணூருக்குப் போனான். மணலில் அவன் பத்தடி வைக்க, கடல் பத்தடி பின்னால் போயிற்று. படகுகள் தரை தட்டின.

"ரோட்டாண்ட போய் நில்லு அண்ணாத்தே, போட்டுங்கோ மாட்டிகினு கீது," என்றார் மீனவர் ஜெயபால்.

கெங்கம்மாள் ரோட்டுக்கு வந்தாள். "எனக்கு ஒம்மேல கோவம் இல்லய்யா. அதுக்குத்தான் கீது."

"நான் பண்ணது தப்புன்னு அதாண்ட சொல்லேன்."

"சொல்லிகினுதான் கீறேன். கேக்க மாட்டேங்குது."

அதன்பின் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் அவன் போனான். அவள் சோறும் மீன்குழம்பும் கொண்டுவருவாள். ரோட்டோரம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவன் இருக்கும்வரை கடல் தள்ளியே நிற்கும். அரை மணிக்குள் அவளுக்கு இழுப்பு தொடங்கிவிடும். உடனே அவன் எழுந்து பஸ் ஏறுவான். அந்த ஞாயிறுகளில் ஜெயபாலும் மற்றவர்களும் காலையிலேயே படகுகளை ஆழத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார்கள்.