புற்று மண்

மாதையனுக்கு அந்தப் பெண்ணின் மேல் முதல் நாளே சந்தேகம். பெயர் கோகிலவாணி, வேளாண் ஆராய்ச்சிக்காரி. ஒரு பிடி மண் கொடுத்தால் போதுமாம், சாமை விளைகிற கொல்லையில் அடிக்கிற களை மருந்து மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று லேப்டாப்பிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவாளாம். அதுவும் சும்மாவே! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். இன்றைக்குப் பிடி மண் கேட்பாள், நாளைக்குப் பட்டாவைக் கேட்பாள். தவிர, பயிர் நிற்கும் கொல்லையிலிருந்து வேற்றாளுக்கு மண் அள்ளிக் கொடுத்தால் விளைச்சலும் கூடவே போய்விடும் என்பது மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஓடையோரத்துக் கறையான் புற்றை உடைத்துப் பை நிறையக் கட்டிக் கொடுத்தார். "எங்க சாமைக் கொல்லை மண்ணுதாம்மா" என்று கூசாமல் சொன்னார். ஏய்க்க வந்தவளை ஏய்த்தாயிற்று என்று அன்றைக்கு ஒரு சிரிப்பு வேறு.

கொல்லைக்குக் கீழே இருக்கும் ஊற்றுத் தண்ணீரைத்தான் அவர் வீடு குடித்து வந்தது. மருமகள் அருணாவுக்கு ஏழாம் மாசம். மருந்தடித்த நாளிலிருந்து ஊற்று வேண்டாம் என்று அவளைத் தெருக்குழாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துக் கோகிலவாணி வந்தாள். "பயப்படாதீங்க ஐயா. உங்க மண்ணு களிமண்ணு மாதிரி. மருந்தக் கெட்டியா புடிச்சிக்குது, ஒரு சாணுக்குக் கீழ எறங்காது."

மாதையன் கொடுத்தது புற்று மண். அவர் கொல்லை வெறும் சரளை.

"சரளையா இருந்தா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒரு மழைக்கே ஊத்துக்குப் போய்டும். ஏங்க, இன்னா சந்தேகம்?"

போன வாரம்தான் மழை கொட்டித் தீர்த்திருந்தது.

"வர்ற வழியிலயே உங்க மருமககிட்ட ஊத்துத் தண்ணி குடிக்கலாம்னு சொல்லிட்டேங்க. பாவம், மாசமா இருக்கிறவங்க குழாய் வரைக்கும் நடக்கணுமா? ஊத்துக்குத்தான் போனாங்க."

ஐயையோ! மாதையன் துண்டு விழுந்தது தெரியாமல் ஓடினார். ஊற்றங்கரையில் அருணா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்காதம்மா!"

"ரெண்டு சொம்பு குடிச்சிட்டேனே மாமா. நல்ல தண்ணின்னு அவங்க சொன்னாங்களே." பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்ற கோகிலவாணியைப் பார்த்ததும் அருணாவின் கை வயிற்றுக்குப் போனது. "பொய் சொல்லிட்டாங்களா?"

"அவங்க இல்லம்மா" என்றார் மாதையன். "நான்தான்."