பெனரில் விட்ட இடம்

அஞ்சலிப் பெனரை எந்த மூலையில் கட்டினால் யார் கண்ணிலும் படாது என்று பார்ப்பதற்காக, லேன் முனையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் மேல் ஏறி நின்றார் யோகராஜா. அவருடைய மனைவி சர்மிளா வீட்டு ஹாலில், தலைமாட்டில் விளக்கு எரிய, பெட்டிக்குள் கிடந்தாள். பெண்சாதி செத்த மனுசன் கதிரையில் ஏறி நின்றால் வெள்ளைக்கொடி கட்டுகிறார் என்றுதான் ஊர் நினைக்கும். நினைத்தது. இரண்டு பேர் ஓடிவந்து கதிரையின் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எறங்குங்க அண்ணே, நாங்க கட்டுறோம்."

"இல்ல, சும்மா பாக்குறேன்."

சும்மா பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை. முந்தின நாள் பின்னேரம் சர்மிளாவோடு வேலை செய்த றமீஸா போன் எடுத்திருந்தாள். "நாளைக்கி எல்லாரும் வாறோம் சேர். ஏழு கிளினிக் ஆக்களும். பெனரும் அடிச்சிரிக்கி." அது வழமைதான். வேலையில் இருந்தவர் இறந்தால் அலுவலகத்தார் பெனரோடு வருவார்கள். மேலே படம், நடுவில் அனுதாபம், கீழே கொட்டை எழுத்தில் அலுவலகத்தின் பெயர். அந்தக் கடைசி வரிதான் யோகராஜாவைக் கதிரையில் ஏற்றியிருந்தது.

சர்மிளா வேலை செய்தது பாலியல் நோய்த் தடுப்புப் பிரிவில். கண்டியிலும் குண்டசாலையிலும் கலஹாவிலுமாக ஏழு இடங்களில் கிளினிக். எந்த இடத்தில் என்ன நோய், புதிதாக எத்தனை பேர், மருந்தெடுக்க வராமல் நின்றுபோனவர் எத்தனை பேர் என்று மாதாமாதம் ஏழு இடத்துக்கும் போன் பண்ணி, பஸ் ஏறிப் போய், ஒன்றாகச் சேர்ப்பது அவள் பொறுப்பு. ஒரே ஆள் கலஹாவிலும் காட்டி, கண்டியிலும் காட்டினால் இரண்டு ஆளாகிவிடக் கூடாது. இடையில் காணாமல் போனவர் ஒரேயடியாகத் தொலைந்துவிடவும் கூடாது. பெயரே இல்லாமல், வெறும் இலக்கத்தை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்தாள்.

லேனில் உள்ளவர்களைக் கேட்டால், அவள் டெங்கு ஒழிப்பில் இருந்தாள்.

பன்னிரண்டு வருசத்துக்கு முந்திய கதை அது. கலஹாவில் ஒரு கல்யாண வீடு. யோகராஜாவின் அண்ணன் பழனியாண்டி பத்துப் பேருக்கு நடுவில் வைத்து, "சர்மிளாவுக்கு கவர்மெண்ட் வேலையாமே, எதிலடா?" என்று கேட்டார். யோகராஜாவின் வாயில் பருப்பு வடை. அதை மெல்லுவதற்குள் ஒரு பதில் வேண்டும். முழங்கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. "டெங்கு" என்றார்.

பக்கத்தில் நின்ற சர்மிளா அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, "ஆமாங்க மாமா, கொசுதான்" என்றாள்.

பல்லேகலையில் பெரிய சாமான் ஸ்டோரொன்றுக்குப் பொறுப்பாக இருக்கும் மனுசனுக்கு, ஒரு பொய்யை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது கலஹாவிலிருந்து பஸ் ஏறி லேனுக்கே வந்துவிட்டது. சர்மிளா வேலை விட்டு வரும்போது, "மிஸ் வாறாங்க, சிரட்டையெல்லாம் கவுத்துங்க!" என்று வீட்டுக்கு வீடு சத்தம். கடைக்கார ஹாஷிம் நானா பழைய டயர்களைக் கண்காணாத இடத்துக்கு உருட்டுவார். முதலில் கூச்சப்பட்டவள், பிறகு உண்மையாகவே சட்டி சிரட்டைகளை எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு மழைக்காலத்தில் லேனில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தபோது, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணிப் புகை அடிக்கிற மெஷினைக்கூட வரவழைத்தாள். பொய் சொன்னது அவர். அதற்கு உழைத்தது அவள்.

"அப்பா, எறங்குங்க." மகள் லோஜினி வந்து நின்றாள். கெம்பஸிலிருந்து வந்ததிலிருந்து அழுது கண் வீங்கியிருந்தது. "எங்க கட்டுனாலும் எழுத்து எழுத்துதான்."

"மழை வரும்போல இருக்கு. நனைஞ்சிரும்னு பாத்தேன்."

"அது பிளாஸ்டிக். நனையாது." குரலைத் தாழ்த்தினாள். "அம்மா செத்த பொறகும் உங்களுக்குக் கொசு அடிக்கணுமா?"

அவர் இறங்கினார். வீட்டில் எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கிற வாய் அது. அன்றைக்குக் கதிரையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. றமீஸா இறங்கினாள். கலஹா கிளினிக்கில் வேலை செய்யும் ஃபாஸில், சுருட்டிய பெனரைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு இறங்கினான். யோகராஜா பாதி வழியிலேயே அவனை மறித்தார்.

"தம்பி, அந்தப் பலா மரத்துக்குப் பின்னுக்குக் கட்டுவோமா? இங்க வெயில்."

வானம் கருத்துக் கிடந்தது. ஃபாஸில் வானத்தைப் பார்த்தான், றமீஸாவைப் பார்த்தான். "சேர் சொல்ற எடத்தில கட்டுவோம்" என்றான்.

மரத்துக்குப் பின்னால் ஒரு முனையைக் கட்டிவிட்டு விரித்தார்கள். சர்மிளாவின் முகம் வந்தது, அடையாள அட்டைக்கு எடுத்த விறைப்பான படம். 'எங்கள் சர்மிளா மிஸ்ஸுக்குக் கண்ணீர் அஞ்சலி' வந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் வெள்ளை. அவ்வளவுதான், பெனர் முடிந்துவிட்டது.

யோகராஜா சுருளின் உட்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"பேர் போடலியா?"

"மிஸ் வேணாம்னு சொல்லீந்தாங்க சேர்" என்றாள் றமீஸா.

"எப்ப?"

"போன வருசம் எங்கட டிரைவர் மௌத்தான நேரம். அவர்ட பெனரப் பாத்துட்டு, சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அடிச்சா கீழ ஒண்ணும் போட்டுறாதீங்க. எங்க வீட்டுக்காரர் பாவம், அத ஒளிக்க எடம் தேடித் தேடி அலைவாருன்னு."

ஃபாஸில் தரையைப் பார்த்தான். அவன் கையில் பெனரின் மற்ற முனை. யோகராஜாவின் கை எழும்பி லேன் முனையைக் காட்டியது. 'முன்னுக்குக் கட்டுங்க' என்று சொல்லத்தான் நினைத்தார். கைதான் சொன்னது.

மத்தியானத்துக்குப் பிறகு ஆட்கள் கூடினார்கள். சொந்தக்காரர், லேன்காரர், அலுவலகத்தார் என்று எல்லாரையும் அவரால் இனம் பிரிக்க முடிந்தது. மூன்று பேரை மட்டும் முடியவில்லை. கலஹா பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு நடுவயதுப் பெண், கையில் தோட்டத்துப் பூ. ஹெல்மட்டைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவன். மடிப்புக் கலையாத சேர்ட் போட்ட ஒரு பெரியவர். தனித்தனியாக வந்தார்கள். பெட்டியருகே தேவைக்கு மேலேயே நின்றார்கள். பிறகு பலா மரத்தடிக்குப் போய் ஒருவரையொருவர் பாராமல் நின்றார்கள்.

"அந்த அம்மா யாரு?" என்று றமீஸாவைக் கேட்டார்.

"தெரியாது சேர்."

"ஹெல்மட் வச்சிருக்கிறவர்?"

"அவரையும் தெரியாது." கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருமுறை கண்டி மார்க்கட்டில் எதிரே வந்த ஒருவனை சர்மிளா சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு கடந்தாள். என்ன கோபம் என்று கேட்டதற்கு, "கிளினிக்குக்கு வாறவங்க ரோட்டில அவங்களா பேசினாத்தான் நாங்க பேசலாம். இல்லாட்டி தெரியாதவங்க. அதுதான் எங்க சட்டம்" என்றாள். "அப்ப நாளைக்கு என்னையும் ரோட்டில தெரியாதுன்னு சொல்லுவியா?" என்று இவர் பகிடி விட்டார். அவள் கீரைக்கட்டைப் புரட்டியபடியே, "அத நீங்கதானே செய்றீங்க" என்றாள். பகிடிக்குப் பதில் பகிடி என்று எடுத்துக்கொண்டு அன்றைக்குச் சிரித்திருந்தார்.

இரண்டரை மணிக்கு, பெட்டி எடுக்குமுன், பழனியாண்டி அண்ணன் மைக்கைப் பிடித்தார். தோட்டத்தில் தொழிற்சங்க மேடை ஏறிய தொண்டை.

"என் தம்பி பொஞ்சாதி! இந்தக் கண்டி மாவட்டத்தில டெங்குவை வேரோட புடுங்கின வீரப் பொம்பள!"

ஏழு கிளினிக்கின் தலைகளும் ஒன்றுபோலக் குனிந்தன. ஒருவர்கூடத் திருத்தவில்லை. வாயைத் திறக்காமலிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

யோகராஜா எழும்பினார். "அண்ணே, டெங்கு இல்ல."

மைக் அதையும் பிடித்து லேன் முழுக்கப் பரப்பியது.

"என்னது?"

"அது... டெங்கு இல்ல."

"மலேரியா!" என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

"சிக்குன்குனியாவும் பாத்தாங்க" என்றார் ஹாஷிம் நானா.

லோஜினி தலை நிமிர்ந்தாள். அன்றைக்கு முழுக்க அவள் அப்பாவை அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சொல் யோகராஜாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு வருசமாக வராதது, இப்போது துப்பினால் விழுந்துவிடும்.

பலா மரத்தடி கண்ணில் பட்டது. அந்தப் பெண் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஹெல்மட்காரன் ஹெல்மட்டைத் தலையில் மாட்டிவிட்டான். இன்ன கிளினிக் என்று சொன்ன மறு நிமிசம் லேன் அந்தப் பக்கம் திரும்பும். யாரென்று தெரியாத மூன்று பேர் இங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்கும். லேன் எப்படிப் பார்க்கும் என்று அவருக்கா தெரியாது?

"டெங்கு மட்டும் இல்லண்ணே" என்றார். "எல்லாமே பாத்தா."

உட்கார்ந்தார். அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அந்த மூன்று பேருக்காகத்தான் விழுங்கினேன் என்று சொல்லிக்கொள்ள யோகராஜாவுக்கு ஆசையாக இருந்தது. அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் விழுங்கியதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை அவருக்கு நன்றாகத் தெரியும். பருப்பு வடையோடு இறங்கியதும் அதுதான்.

லோஜினி மறுபடி அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மயானத்தில் எல்லாம் முடிந்து திரும்பும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெளிச்சம் இன்னும் போகவில்லை. லேனில் நடக்க நடக்க அவருக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வீட்டுக்கு வீடு பூச்சட்டி, வாளி, தயிர்ச்சட்டி, சிரட்டை எல்லாமே தலைகீழாகக் கிடந்தன. டயரொன்றைக்கூடக் காணவில்லை.

ஹாஷிம் நானா கடை வாசலில் நின்றார். "காலையிலேயே எல்லாரையும் கவுக்கச் சொல்லிட்டேன் தம்பி. ஆபீஸ் ஆக்கள் வாற நாளில மிஸ்ட லேனில தண்ணி கெடந்தா, மிஸ்ஸுக்குத்தானே வெக்கம்."

யோகராஜா திரும்பி லேன் முனைக்கு நடந்தார்.

லேன் முனையில் பெனர் அப்படியே தொங்கியது. எழுத்தில்லாத அடிப்பக்கம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே, காலையில் அவர் ஏறி நின்ற பிளாஸ்டிக் கதிரை. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. உட்காரும் குழி நிறைய மழைத் தண்ணீர்.

அவர் கதிரையைத் தூக்கிக் கவிழ்த்தார். தண்ணீர் செருப்பிலும் வேட்டி நுனியிலும் கொட்டியது. கடைசிச் சொட்டும் விழட்டும் என்று, அதன் கால்களைப் பிடித்தபடி நின்றார்.