பின்னால் வந்தவன்

“நிக்கும்போது பெடல்ல கால் வைக்காதீங்க. இன்னைக்கு நான் சொல்றதுல இது ஒண்ணு ஞாபகம் இருந்தா போதும்” என்றார் வழிகாட்டி. “சாதா சைக்கிள் நீங்க மிதிச்சாத்தான் போகும். இது நீங்க மிதிக்கப் போறீங்கன்னு நெனச்சாலே கிளம்பிடும்.”

ஐம்பது வயதுப் பெண். கழுத்தில் விசில், கையில் விரல் நுனி வெட்டிய உறை. அவருக்குப் பின்னால் கொட்டகைச் சுவரில் பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன. வானம் விடிந்ததிலிருந்தே மூடிக் கிடந்தது. மழை வரும்போல் இருந்ததால் முன்பதிவு செய்த மற்றவர்கள் வரவில்லை. நாங்கள் நாலு பேர் மட்டும்: அக்கா, அத்தான், அவர்களுடைய பதின்மூன்று வயது மகள் குட்டி, நான்.

ஏற்பாடு அத்தானுடையது. அதுவே எங்களுக்கு ஆச்சரியம். அவர் இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். விடுமுறை நாளில் சோபாவை விட்டு எழுந்தால் அது செய்தி. ஒரே விதிவிலக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை மகளோடு சைக்கிளில் ஏரிவரை போய் வருவது. அதுவும் மூன்று மாதமாக இல்லை. முழங்கால் வலி என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். குட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். போன வாரம் அவராகவே, “கடலோரமா பேட்டரி சைக்கிள்ல கூட்டிட்டுப் போறாங்களாம். முழங்காலுக்கு வேலையே இல்ல” என்று வந்து நின்றார்.

வழிகாட்டி கைப்பிடியில் இருந்த சிறிய திரையைக் காட்டினார். ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள். ஒன்றில் வைத்தால் நாம்தான் மிதிக்க வேண்டும், மோட்டார் முதுகில் கைவைத்துத் தள்ளுவதோடு சரி. ஐந்தில் வைத்தால் மோட்டார் மிதிக்கும், நாம் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும்.

“ரெண்டுல வைங்க. திரும்பி வர்றவரைக்கும் தாங்கும். அஞ்சுல வச்சா கடைசி மேட்டுல நீங்கதான் சைக்கிளைத் தூக்கிட்டு வரணும்.”

“பிரேக்?” என்றார் அத்தான்.

“ரெண்டும் கையில. பிடிச்சதும் மோட்டாரும் நின்னுடும்.”

அவர் இரண்டு பிடிகளையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். “பஸ்ஸுக்கும் இப்படிக் கையிலயே வச்சுக் கொடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

“நீங்க என்ன வேலை சார்?” என்று வழிகாட்டி என்னைக் கேட்டார்.

“காப்பீட்டுக் கம்பெனி. விபத்தான வண்டியப் போய்ப் பார்த்து, எப்படி ஆச்சுன்னு ரிப்போர்ட் எழுதுவேன்.”

“அப்ப நீங்க கடைசியில வாங்க. ஏதாவது ஆனா சுடச்சுட எழுதிடலாம்.”

கடைசியில் வருபவருக்கு ஒரே வேலைதான்: முன்னால் போகிறவர்கள் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வழிகாட்டி முதலில், அடுத்து குட்டி, அக்கா, அத்தான், கடைசியில் நான். அன்று காலை முழுவதும் அத்தானின் முதுகும் இரண்டு கால்களும் என் எதிரிலேயே இருந்தன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

பாதை கடலை ஒட்டிப் போனது. ஒரு பக்கம் முள்செடி, மறு பக்கம் சரிவு, கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர். காற்று எதிரே வீசியது. சைக்கிள்கள் மெல்லிய முனகலோடு ஓடின. அத்தானின் சைக்கிள் மட்டும் விடாமல் உச்ச சுருதியில் முனகியது. வழியில் இரண்டு முறை அவர் குனிந்து வலது காலைக் கையால் தொட்டார். ஷூ கயிறு அவிழ்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

கலங்கரை விளக்கத்தடியில் முதல் நிறுத்தம். வழிகாட்டி ஒவ்வொரு திரையாகப் பார்த்தார். எங்கள் மூவருக்கும் பேட்டரியில் பத்துக்கு எட்டுக் கோடுகள் மிச்சம். அத்தானுக்கு ஐந்து.

“என்ன சார், அஞ்சுலயேவா வந்தீங்க?”

“எதிர்க்காத்து” என்றார் அத்தான்.

“எங்களுக்கெல்லாம் ஃபேன் காத்தா அடிச்சுது?” என்றேன். “குட்டி, உங்கப்பா ஊருக்கே கரண்ட் கட் பண்ணிட்டுத்தான் ஓய்வார். மின்வாரியம் வருது, வழிவிடுங்கப்பா!”

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குட்டி அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு “மின்வாரியம், பின்னாடி இருக்கீங்களா?” என்று கத்திக்கொண்டே போனாள். அவரும் “இருக்கேன், பில் கட்டுங்க” என்று பதில் கத்தினார். அக்கா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய முதுகு விறைப்பாக இருந்தது. சைக்கிள் பழக்கம் விட்டுப்போன பயம் என்று அதையும் நானே விளக்கிக்கொண்டேன்.

இரண்டாவது நிறுத்தம் பாறை விளிம்பில். இடுப்பளவுக் கம்பி வேலி, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. எண்பதடி கீழே அலைகள் உடையும் சத்தம் மட்டும் மேலே வந்தது. குட்டி வேலியோரம் சைக்கிளின் இருபுறமும் காலை ஊன்றி நின்று, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளுக்கு நாலடி பின்னால் நின்றார். இடது கால் தரையில். வலது கால் பெடலில்.

சைக்கிள் பாய்ந்தது. முன்சக்கரம் குட்டியின் பின்சக்கரத்தில் இடித்தது. அவள் சைக்கிளோடு வேலியில் மோதிக் கீழே சரிந்தாள். வேலி தாங்கியது. கைபேசி தாங்கவில்லை, அது அப்பால் போய்விட்டது. அத்தான் அதற்குப் பிறகுதான் பிரேக்கைப் பிடித்தார்.

அக்காவும் வழிகாட்டியும் ஓடினார்கள். முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் ரத்தம், வேறொன்றுமில்லை. குட்டி அழவில்லை. “என் ஃபோன்!” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் அந்த நேரத்தில் மகளைப் பார்ப்பான். அவர் தன் வலது காலைப் பார்த்தார். கைதவறி விழுந்த சாவியைத் தேடுவதுபோல், அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். பிறகு தொடையைக் கையால் பிடித்துத் தூக்கித் தரையில் வைத்தார்.

என் வேலையில் ஓட்டுநர்கள் எழுதித் தரும் வாக்குமூலங்களை நிறையப் படித்திருக்கிறேன். பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள்: பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் பிரேக் நன்றாக இருக்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை. மிதித்ததாகவே நம்புகிறார்கள்.

வழிகாட்டி குட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது நான் அத்தான் பக்கத்தில் போய் நின்றேன். ஷூவைப் பார்த்தேன். வலது ஷூவின் முனை தேய்ந்து உள்ளிருந்த துணி தெரிந்தது. இடது ஷூ புதிதுபோல் இருந்தது.

“எத்தனை நாளா அத்தான்?”

“என்னது?”

“நான் வண்டியப் பார்த்து ரிப்போர்ட் எழுதுறவன்.”

அவர் கடலைப் பார்த்தார். “மூணு மாசம். மொதல்ல செருப்பு தடுக்குச்சு. அப்புறம் படியில. இப்ப பாதம் மேல தூக்கமாட்டேங்குது. வச்சா வச்ச இடத்துல கெடக்கு.”

“டாக்டர்?”

“ஒரு பேர் சொன்னார். நரம்பாம். இன்னும் டெஸ்ட் எடுக்கணும்னார். நான் திரும்பப் போகல.”

“இந்தக் காலோட பஸ் ஓட்டுறீங்க.”

“ஓட்டுறேன்.”

“எங்கயாவது…?”

“செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூட நிறுத்தம். மிதிச்சேன் மச்சான், சத்தியமா மிதிச்சேன். ரெண்டு ஆள் நீளம் தாண்டித்தான் நின்னுச்சு. ஒரு பொண்ணு கைய நீட்டி நின்னுட்டிருந்தா. கைய எடுத்துக்கிட்டா. அவ்வளவுதான்.” நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதுபோல் தன் கையை இழுத்துக் காட்டினார். “நம்ம குட்டி வயசுதான் இருக்கும். திட்டிக்கிட்டே ஏறினா.”

“திங்கட்கிழமை டியூட்டி இருக்கா?”

“ஏழாம் நம்பர். காலையில ஆறு அம்பது. அதே நிறுத்தம் வழியாத்தான்.”

“போகக் கூடாது அத்தான்.”

“ஏன் போகக் கூடாது? கவனமா இருந்தா…”

“இப்ப கவனமாத்தானே இருந்தீங்க?”

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. அதைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. “டிரைவர்ங்கறத எடுத்துட்டா என்கிட்ட என்னடா இருக்கு? டெப்போவுல ஒரு ஸ்டூலப் போட்டு உக்கார வைப்பாங்க. போற வர்றவனெல்லாம் பாவமாப் பாத்துட்டுப் போவான். கொஞ்ச நாள் ஓட்டிட்டு நானே சொல்லிடுறேன். உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.”

“நீங்க சொல்லலன்னா நான் டெப்போவுக்குச் சொல்லுவேன்.”

“சொல்லு. அக்கா புருஷனைக் காட்டிக்கொடுத்தவன்னு பேர் வாங்கிக்கோ. உன் வேலைதானே, நல்லா எழுதுவ.”

வழிகாட்டி விசில் ஊதினார். திரும்பும்போதும் நான் கடைசியில்தான் வந்தேன். இப்போது எல்லாம் தெரிந்தது. இடது கால் மட்டும் மிதிக்கிறது. வலது பாதம் பெடலோடு சேர்ந்து சுற்றுகிறது, மேடு பள்ளத்தில் நழுவி விழுகிறது, அவர் குனிந்து எடுத்து வைக்கிறார். ஷூ கயிறு அவிழவே இல்லை. காலையிலும் இதுதான் என் கண்முன்னால் நடந்திருந்தது. நான் மின்வாரியம் என்று கத்திக்கொண்டிருந்தேன். இப்போது குட்டி கூப்பிடவில்லை, அவரும் பில் கேட்கவில்லை.

கொட்டகைக்கு முந்தைய கடைசி மேட்டில் அவருடைய சைக்கிளின் முனகல் நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. மோட்டார் இல்லாமல் அந்தச் சைக்கிள் இரும்புக் கட்டில் கனம். அவர் ஒற்றைக் காலால் இரண்டு மிதி மிதித்தார். சைக்கிள் சாய்ந்தது. நான் எட்டிப் பிடித்தேன்.

வழிகாட்டி திரும்பி வருவதற்குள் அக்கா வந்துவிட்டாள். தன் சைக்கிளை அவர் பக்கத்தில் நிறுத்தினாள்.

“இதுல போங்க. ஆறு கோடு இருக்கு.”

“இல்ல, தள்ளிட்டு வந்துடறேன். முழங்கால்தான் கொஞ்சம்…”

“முழங்கால் இல்ல” என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. “மூணு மாசமா வலது ஷூ மட்டும் தேயுது. ராத்திரி எழுந்து போனா ஒரு கால் சத்தந்தான் கேக்குது, இன்னொண்ணு உரசுற சத்தம். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். இந்த சைக்கிள்னு வந்து நின்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மோட்டார் மறைச்சிடும்னு நெனச்சீங்க.”

அத்தான் தலையைத் தொங்கப்போட்டார்.

“வேலியத் தாண்டி ஃபோன் போச்சு. ஃபோன் போனதோட முடிஞ்சுது” என்றாள்.

அவர் அவளுடைய சைக்கிளில் ஏறினார். ஏறும்போது வலது காலைக் கையால் தூக்கித்தான் வைத்தார். இந்த முறை யாருக்கும் தெரியாமல் செய்ய முயலவில்லை. செத்துப்போன சைக்கிளை அக்கா ஒருபுறமும் நான் மறுபுறமும் பிடித்து மேட்டில் தள்ளினோம். பாதி மேட்டில் மழை பிடித்துக்கொண்டது.

வழிகாட்டி தலைக்கவசங்களை வாங்கி ஒவ்வொன்றாகத் துடைத்தார். வழக்கமாகக் கடைசியில் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக் கொடுப்பாராம். எங்களிடம் கேட்கவில்லை. குட்டியின் தலையைத் தடவி, “நல்லா ஓட்டின பாப்பா” என்று மட்டும் சொன்னார்.

காலையில் வரும்போது காரை அத்தான்தான் ஓட்டி வந்தார். அக்காவிடம் இரண்டு வருடமாக லைசென்ஸ் இருக்கிறது, காய்கறிக் கடையைத் தாண்டி ஓட்டியதில்லை. அவள் ஓட்டும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ரெண்டாவது கியர்லயே உலகத்தச் சுத்திடுவா எங்க வீட்டுக்காரி. கியர மாத்தும்மா, இன்ஜின் அழுது” என்று கிண்டல் செய்தே அவளைக் கைவிட வைத்திருந்தார்.

மழையில் அவர் சாவியோடு ஓட்டுநர் கதவருகே நின்றார். அக்கா கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் நனைந்தார்கள். பிறகு அவர் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, காரின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து மறுபக்க இருக்கையில் உட்கார்ந்தார்.

பிரதான சாலைக்கு வந்ததும் கைபேசியை எடுத்தார். டெப்போ கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்.

“நாந்தான் பேசறேன். திங்கக்கிழமை ஏழாம் நம்பருக்கு வேற ஆள் போட்டுக்குங்க… இல்ல, காய்ச்சல் எல்லாம் இல்ல… விசேஷமும் இல்ல.” அந்தப் பக்கம் ஏதோ ஜோக்கடித்திருக்க வேண்டும், இவர் சம்பிரதாயமாகச் சிரித்தார். “அப்புறம்னா? கால் சார். என் காலு… ஒரு நாள் இல்ல சார். நேர்ல வந்து சொல்றேன்.”

வைத்துவிட்டார். பின் இருக்கையில் குட்டி என் தோளில் சாய்ந்திருந்தாள், தூங்கவில்லை.

“அப்பா,” என்றாள், “ஞாயித்துக்கிழமை இனிமே நடந்தே போலாம்.”

நடப்பதும் எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அக்கா ஸ்டியரிங்கை நெஞ்சோடு கட்டிக்கொண்டதுபோல் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும், எதிரே விளக்கு வந்தபோதெல்லாம், ஓட்டுநர்கள் பக்கத்து இருக்கையில் செய்வதுபோல் அத்தானின் கால் தரையை அழுத்தியது. இடது கால். வலது கால் அவர் ஏறும்போது வைத்த இடத்திலேயே கிடந்தது.

கார் இரண்டாவது கியரில் அலறிக்கொண்டு போனது. அவர் ஏதாவது சொல்வார் என்று நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.