சிவப்பு எழுத்து

மஜீதா கொண்டுவந்த சாம்பிராணிச் சட்டியைச் சுலைகா தட்டிவிட்டாள். கங்குகள் தரையெங்கும் சிதறின.

"இதக் கொளுத்தித்தானே என் தம்பியக் கொன்ன? இன்னும் யாரக் கொல்லணும்?"

கூடத்தில் மஜீதாவின் புருஷன் உமர் கிடந்தான். மய்யித்தைச் சுற்றும் கஃபன் துணிக்கு, மலாயாவின் இந்த ஜப்பான்காலப் பஞ்சத்தில் கிள்ளானில் எங்கே போவது? பழைய வெள்ளைத் திரைச்சீலையில் சுற்றியிருந்தார்கள். மஜீதா குனிந்து கங்குகளை இடுக்கியால் பொறுக்கினாள். நாத்தனார் மேல் அவளுக்குக் கோபமில்லை. சுவரோரம் தலை குனிந்து நின்ற சுலைகாவின் புருஷன் மூசாவைத்தான் பிடித்துத் தீயில் தள்ளலாம் போலிருந்தது.

எல்லாம் ஒரு விளையாட்டுச் சாமானால் வந்தது. ஜப்பான் அதிகாரி ஒருவனுக்குப் பொம்மை விமானம் விடும் பைத்தியம். உள்ளங்கையில் அடங்கும் அதன் எஞ்சின், கிடைத்த மட்டமான பெட்ரோலில் இருமி இருமி நின்றது. ஓடவைக்காவிட்டால் பட்டறைக்காரன் உமருக்குக் கை இருக்காது என்றான். மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஈத்தரும் கலந்தால் சீறிக்கொண்டு ஓடும் என்று உமர் கண்டுபிடித்தான். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற அந்த ஈத்தரை, ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் மூசா திருடிக்கொண்டு வந்தான்.

வியாழக்கிழமை காலை அவன் பின்வாசலில் குந்தி, பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தை எச்சில் தொட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"செவப்பா என்னமோ எழுதியிருக்கே, என்னண்ணே?" என்றாள் மஜீதா.

"மருந்துப் பேரு, தங்கச்சி."

அந்தி சாய்ந்ததும், வியாழக்கிழமை வழக்கப்படி மஜீதா வீடெங்கும் சாம்பிராணி காட்டினாள். வீட்டை ஒட்டிய பட்டறையில் உமர் ஈத்தரைக் கலந்துகொண்டிருந்தான்; அதன் வாசலை அவள் எட்டவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஈத்தர் ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து வந்து கங்கில் பற்றியது. அவள் கால் பொசுங்கியதோடு சரி. நெருப்பு திரும்பி உமரிடம் ஓடியது. அவனை வெளியே இழுத்துப்போட்ட மூசா தன்னை மறந்து, "நெருப்பு கிட்ட ஆகாதுன்னு போட்டிருந்துச்சே" என்று அரற்றினான். கேட்டது மஜீதா மட்டும்.

வாசலில் பூட்ஸ் சத்தம். ஒரு சிப்பாய், கூடவே துபாஷி சோலையப்பன். மஜீதா கதவு மறைவுக்கு நகர்ந்தாள்.

"தொரை எஞ்சினக் கேக்குறாரு. ஆஸ்பத்திரியில ஈத்தர் ஒரு பாட்டில் காணோமாம். உமர் எதக் கலந்தாரு? யாரு குடுத்தா?"

திருட்டுக்குத் தண்டனை தலைதான் என்று ஊரே அறியும். மூசா சுவரோடு ஒண்டினான். ஒரு சொல் போதும். அது மஜீதாவின் தொண்டை வரை வந்துவிட்டது.

"வெளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும்தான். என் சாம்பிராணி நெருப்பு பட்டுப்போச்சு."

"கேட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா!" சுலைகா மார்பில் அடித்துக்கொண்டாள்.

எஞ்சினை எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். மஜீதா சட்டியோடு மூசாவின் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னொரு மய்யித்துக்கு வீட்டுல திரைச்சீலை இல்லண்ணே," என்றாள் மெல்ல. "இந்தாங்க. நீங்களே காட்டுங்க."

மூசா வாங்கிக்கொண்டான். கங்குகள் எப்போதோ அணைந்திருந்தன. ஆனாலும் அவன் சட்டியைக் கை எட்டிய மட்டும் தள்ளியே பிடித்திருந்தான்.