செல்போன் பெட்டிச் சாவி

கருப்பணன் கம்பெனிக்குத் தர வேண்டிய முன்பணம் நாற்பத்திரண்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். மகள் அருணாதேவி கம்ப்யூட்டர் படிப்பதற்காக வாங்க ஆரம்பித்தது. தீபாவளிக்குக் கொஞ்சம் கழியும், பொங்கலுக்குள் மறுபடி ஏறிவிடும். அதில் அவனுக்குப் பெரிய வருத்தம் கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் முன்பணம் நிற்கிற ஆளுக்குத்தான் மதிப்பு. வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமென்றால் அந்த முதலாளி இந்தத் தொகையை இங்கே கட்டிவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருத்தன் பேரில் கடன் நிற்கிறதென்றால் அவன் நாலு பேருக்கு வேண்டிய ஆள்.

பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறது அவன் வேலை. இருபத்தாறு வருசம். கூடவே சம்பளமில்லாத வேலை ஒன்றும் இருந்தது. கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகைப் பெட்டி இருக்கும். காலையில் எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாட்ச்மேன் அய்யப்பனுக்குக் கண் சரியில்லை. ஒரு நாள் போனை மாற்றிக் கொடுத்து இரண்டு வீட்டில் புருசன் பெண்டாட்டி சண்டை ஆகிப்போனது. அன்றிலிருந்து பெட்டிச் சாவி கருப்பணனின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

மாசி மாதம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வெடித்து ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். சாக்கு மூடி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கருப்பணனோடு வேலை செய்கிற செல்லத்தாயின் தங்கச்சியைக் கால் மெட்டியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் ஒரு போன் நம்பரைப் போட்டு பஸ் ஸ்டாப்பெல்லாம் ஒட்டியது. கம்பெனியில் குறை இருந்தால் சொல்லுங்கள், உங்கள் பேர் வெளியே வராது என்று.

ஒரு சாயங்காலம் கருப்பணன் பெட்டியைத் திறந்து போன்களைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்லத்தாய் கடைசி ஆளாக நின்றாள்.

"அண்ணே, என் போன்ல காசு இல்ல. உங்க போன்ல ஒரு பேச்சுப் பேசிக்கிடுறேன்."

கொடுத்தான். வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று பேசினாள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் உட்காருகிறோம் என்று அவள் சொன்னது காற்றில் அரையும் குறையுமாக விழுந்தது. அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகொரு நாள் அவள் தன் போனிலும் பேசியதும், அவளைப் போலவே இன்னும் ஒன்பது பேர் அவரவர் போனில் பேசியிருந்ததும் பிறகுதான் தெரிந்தது.

அருணாதேவிக்கு விருதுநகரில் ஒரு அரசாங்க ஆபீசில் வேலை. ஒப்பந்தத்தில் எடுத்த கம்ப்யூட்டர் ஆள், கொடுத்ததைத் தட்டுவது. ஆனி மாதத்தில் அவள் தட்ட வந்தது ஒரு பட்டியல். அந்த நம்பருக்குப் பேசினவர்களின் போன்களை மூன்று மாதமாக யாரோ ஒட்டுக்கேட்டிருந்தார்கள். யாரிடம் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள். சொன்ன குறை என்ன ஆனதென்று ஒரு வரி இல்லை. ஏழாவது வரியில் இருந்தது அவளுக்கு மனப்பாடமான நம்பர். அப்பாவுடையது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முதலில் சிரித்தாள்.

"அப்பா, உங்க கம்பெனி போனெல்லாம் தெனமும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே எடத்துல அசையாம இருக்காம். ரகசியக் கூட்டமா இருக்கலாம்னு எழுதியிருக்காக."

"எங்கனத்தா கூட்டம்?"

"உங்க செல்போன் பெட்டிக்குள்ளதாம்ப்பா."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அம்புட்டுப் போனும் உள்ளுக்குள்ள என்னத்தப் பேசியிருக்கும்?"

அவள் சிரிப்பு நின்றுபோனது. "பேர் வெளியே வராதுன்னு சொல்லித்தானப்பா பேச வச்சாக."

"நமக்கெதுக்குத்தா. தட்டச் சொன்னதத் தட்டிட்டு வா."

அவள் தட்டிக் கொடுத்தாள். ஒரு நகலை ஒரு பத்திரிகைக்காரரிடமும் கொடுத்தாள்.

பத்திரிகையில் வந்தது. நம்பர்களின் மேல் கறுப்பு மை பூசித்தான் போட்டிருந்தார்கள். ஆனால் மை பூசாத படம் ஒன்று எப்படியோ வெளியே வந்து செல்போன் செல்போனாகச் சுற்றியது. மறுநாளே கம்பெனி தன்னுடைய ஆள் பட்டியலை எடுத்து வைத்து ஒவ்வொரு நம்பராக ஒத்துப்பார்த்தது. கருப்பணனைச் சேர்த்துப் பதினோரு பேரைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள். இருந்த சந்தடியில் அவனிடமிருந்து சாவியை வாங்க மறந்துபோனார்கள். அதற்கு மூன்றாம் நாள் அருணாதேவியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சர்க்கார் ரகசியத்தைத் திருடினாள் என்று வழக்கு.

டீக்கடையில் தினமும் இதே பேச்சு.

"ஒட்டுக்கேட்டவன விட்டுட்டு, கேட்டான்னு சொன்னவளப் பிடிச்சு உள்ள போட்டிருக்கான் பாரு."

"சர்க்கார் சம்பளத்த வாங்கிக்கிட்டு சர்க்கார் பேப்பரத் தூக்குனா? மாலையா போடுவாக?"

"எம் போன எவனாவது கேட்டிருந்தா பாவம்லே அவன். எம் பொண்டாட்டி ஏச்சக் கேட்டு இந்நேரம் வேலைய விட்டிருப்பான்."

கருப்பணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடும். அவனால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏசினால்கூடப் பரவாயில்லை.

ஏசுகிறதுக்குச் செல்லத்தாய் வந்தாள். வந்தவள் ஏசவும் இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"உங்க மக நல்லதுன்னு நெனச்சுத்தாண்ணே செஞ்சிருப்பா. ஆனா சர்க்கார் ஒட்டுக்கேட்டப்ப எங்க வீட்டுல ஒல கொதிச்சது. பேப்பர்ல வந்த பெறகுதான் அடுப்பு அணைஞ்சு கெடக்கு. என் பேருலயும் முன்பணம் நிக்கி. கெட்ட பேர் வந்த ஆளுன்னு எவனும் கட்டி எடுக்க மாட்டேங்கான்."



ஆடி பிறந்ததும் கம்பெனிக் கணக்கப்பிள்ளை மணிகண்டராஜ் ஆள்விட்டுக் கூப்பிட்டான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதிலேயே கருப்பணனுக்குப் பயம் வந்துவிட்டது.

"சீசன் ஆர்டர் தலைக்கு மேல நிக்கிண்ணே. வேல தெரிஞ்ச பதினோரு கையி வீட்டுல இருக்கு. முதலாளி ஒரு வழி சொல்லியிருக்காக."

ஒரு தாளை நீட்டினான். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன் கருப்பணன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தான். 'நாங்கள் யாரும் அந்த நம்பருக்குப் பேசவில்லை. என் மகள் பணம் வாங்கிக்கொண்டு பொய்ப் பட்டியல் கொடுத்தாள்.' அடியில் அவன் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுட்டீகன்னா பதினோரு பேரும் நாளைக்கே உள்ள வரலாம். உங்க முன்பணத்தையும் கணக்குலருந்து அடிச்சிருவோம்."

"எம் பிள்ள அஞ்சு பைசா வாங்கலய்யா."

"எனக்குத் தெரியாதாண்ணே. தாளுல உள்ளதத்தான கோர்ட்டுல படிப்பாக. ரெண்டு நாள் யோசிச்சுக்கிடுங்க."

மறுநாள் மதுரை ஜெயிலுக்குப் போய் மகளைப் பார்க்க மனுப் போட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருணாதேவி, இந்தப் பக்கம் அவன், இரண்டு பேர் கையிலும் ஒரு போன். அவளுக்குக் கழுத்தெலும்பு தெரிந்தது.

"சாப்பிட்டீகளாப்பா?"

"ஆச்சுத்தா. கணக்கப்பிள்ளை ஒரு தாளு..."

அவள் கண்ணைச் சுருக்கித் தலையை ஆட்டினாள். "இதுலயும் கேப்பாகப்பா. பாத்துப் பேசுங்க."

மூன்று மணி நேரம் பஸ்ஸில் தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்சையெல்லாம் ஒதுக்கிவைத்தான். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னான். "செல்லத்தாய்க்கு வேலை இல்லத்தா. மத்தவங்களுக்கும் இல்ல."

அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"நம்பர மறைச்சுப் போடணும்னு சொல்லித்தாம்ப்பா கொடுத்தேன். படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." போனை மறு காதுக்கு மாற்றினாள். "நான் செஞ்சது தப்பாப்பா?"

அவன் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து போன் அறுந்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது. காவலர் வந்து தோளைத் தொடுகிற வரைக்கும் அவன் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தபோது இடுப்பில் ஏதோ குத்தியது. கை வைத்துப் பார்த்தான். சாவி. திருமங்கலம் தாண்டி வெகுதூரம் வரைக்கும் அதைப் பிடித்தபடியே வந்தான்.

காலையில் கணக்கப்பிள்ளையின் மேசை முன்னால் போய் நின்றான்.

"இந்தத் தாளுல போட மாட்டேன். ஒரு வெள்ளத் தாளு கொடுங்க."

எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆனது. மணிகண்டராஜ் வாங்கிப் படித்தான். 'செல்போன் பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் போனை எடுத்து அந்த நம்பருக்குப் பேசியது நான். மற்றப் பத்துப் பேருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படிக்கு, கருப்பணன்.'

மணிகண்டராஜ் தாளை மேசையில் வைத்தான்.

"பொம்பளைக் குரலும் உங்க குரல்தானாண்ணே?"

"மருந்துத் தூசியில கெடக்கிற தொண்ட. ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது."

"இதக் கொடுத்தா சிவகாசி சாத்தூர் வட்டாரத்துல ஒரு கம்பெனியும் உங்களச் சேக்காது. போலீசும் வந்து நிக்கும்."

"வரட்டும். அவளப் பாக்கப் போற பஸ் செலவு மிச்சம்."

மணிகண்டராஜ் எழுந்து வெளியே போய் முதலாளியிடம் போனில் பேசினான். கருப்பணன் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தான். கேட்டருகே பெட்டி புதுப் பூட்டோடு இருந்தது. வரிசையில் வந்தவர்கள் போனை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். மகள் கேட்ட கேள்விக்கு இப்போது அவனிடம் பதில் இருந்தது. ஆனால் அதை ஜெயில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, யாரோ கேட்கிற போனில், எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

"முதலாளிக்கு ஆள் ஒண்ணு காட்டினாப் போதுமாம்," மணிகண்டராஜ் உள்ளே வந்து தாளை மடித்தான். "செல்லத்தாயையும் மத்தவங்களையும் நாளைக்கு ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லிவிடுங்க. நான் சொன்னா நல்லாருக்காது."

சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தான். மணிகண்டராஜ் பேரேட்டைத் திறந்தான். கருப்பணன் பேர் இருந்த பக்கத்துக்கு வந்து சிவப்புப் பேனாவை எடுத்தவன் கொஞ்சம் தயங்கினான்.

"உங்க முன்பணத்தக் கட்டி உங்கள எடுக்க இனிமே யாரும் வர மாட்டாகண்ணே. அதனால அடிச்சிரச் சொல்லிட்டாக."

நாற்பத்திரண்டாயிரத்து அறுநூற்றைம்பதின் மேல் கோடு விழுந்தது. பக்கத்தில் ஒரு சொல் எழுதினான். கருப்பணன் பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். வராக்கடன். மை இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியதை வேட்டியில் துடைத்துவிட்டு வெளியே வந்தான்.