சீ வகுப்பைக் கேட்டுப் போனவள்

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளின்படி ஏ, பீ, சீ என்று பிரித்தபோது றுஸ்தாவுக்கு மேல்மாடியில் ஏ வகுப்பு கிடைத்தது. முதலாம் ஆண்டிலிருந்து ஒரே வாங்கில் இருந்த நுஸ்ஹா, கடற்பக்கத்துக் கட்டடத்துச் சீ வகுப்புக்குப் போனாள்.

ஏ வகுப்பில் யாரும் றுஸ்தாவைப் பகைக்கவில்லை, கதைக்கவும் இல்லை. கணக்குச் சேர் பலகையில் கணக்குப் போட்டதும் ஆளாளுக்குக் கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். இன்டவெல்லில் பக்கத்துப் பிள்ளை ஒரு கையால் சாப்பிட்டபடி மறுகையால் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டினாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு றுஸ்தா பாடசாலை அதிபரிடம் போனாள். "சேர், என்னச் சீ வகுப்புக்கு மாத்துங்க."

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் மேல ஏத்தச் சொல்லித்தான் வாற. நீ இறக்கச் சொல்றாய். வாப்பாக்குத் தெரியுமா?"

"தெரியா சேர்."

"கெட்டிக்காரப் புள்ளைகள ஒண்டா வெச்சாத்தான் படிப்பு ஓடும். மெதுவாப் படிக்கிறவங்களுக்கும் அதுதான் நல்லம். போ, கிளாஸுக்குப் போ."

அன்று இன்டவெல்லில் அவள் நேரே சீ வகுப்புக்கு நடந்தாள். உள்ளே ஒரே சிரிப்பு. நுஸ்ஹா மேசையில் ஏறி இருந்து, வரலாற்று ரீச்சரைப் போலக் கதைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். றுஸ்தாவைக் கண்டதும் சத்தம் அடங்கிவிட்டது. நுஸ்ஹா இறங்கி வாசலுக்கு வந்தாள்.

"உன்னோட வந்திருக்கப் பிரின்சிபல்ட்டக் கேட்டன் புள்ள. அவர் விடல்ல."

நுஸ்ஹாவின் முகம் மாறியது. "ஏன் கேட்டாய்? எங்களப் பாத்துப் பாவமா இருக்கா?"

"இல்ல. அங்க எனக்கு ஆருமில்ல."

"இங்க ஒருத்தரும் கேட்டு வரல்ல, றுஸ்தா. எங்களத் தள்ளிவிட்டுத்தான் வந்த. நீ விரும்பி இறங்கி வந்தா, நாங்க எப்பிடி உன்ட மூஞ்சியப் பாக்கிற?"

மணி அடித்தது. றுஸ்தா மாடிப்படியில் ஏறும்போது கீழே மீண்டும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சாதாரண தரப் பரீட்சையில் அவளுக்கு எல்லாப் பாடமும் ஏ. உறவெல்லாம் வீடு தேடி வந்தது. நுஸ்ஹாவின் உம்மாவும் தொதல் இனிப்புக் கொண்டு வந்தா. நுஸ்ஹா வரவில்லை.

பிறகு மாவடிப்பள்ளி ஊரில் ஒரு கலியாண வீட்டில்தான் றுஸ்தா அவளைக் கண்டாள். பழைய சீ வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாகச் சர்பத் பரிமாறினார்கள். நுஸ்ஹா தட்டை நீட்டினாள்.

"எப்பிடி, சுகமா இருக்கீங்களா?"

அவள் வாயிலிருந்து 'நீங்க' வந்தது அதுதான் முதல் தடவை.

"ஓம்," என்றாள் றுஸ்தா. சர்பத் கிளாஸை எடுத்துக்கொண்டாள். நுஸ்ஹா அடுத்த கதிரைக்குப் போனாள்.