ஆகக்கூடிய வெப்பநிலை: பூச்சியம்

கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? மார்கழி விடியலில் காதைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வெய்யில் ஏறினால் துவாய் கொடிக்குப் போய்விடும். மிரியமும் அந்த ஊர்ப் பிள்ளைதான். அதனால்தான் இந்த வில்லங்கமே வந்தது.

மிரியத்துக்குக் கணினி நிரல் எழுதுவது தொழில். குருநகரில் இறால் வாங்கித் துப்புரவாக்கி அனுப்பும் பொன்மலருக்கு, குளிரறையைக் கவனிக்கும் புறோகிராமை எழுதிக்கொடுத்தது அவள்தான். அவள் தனியாகச் செய்துகொடுத்த முதல் வேலை அது. அறைக்குள் இருக்கும் சென்சர் இரவு முழுக்க வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். விடிந்ததும் புறோகிராம் அவற்றுள் ஆகக்கூடியதை, அதாவது எல்லாவற்றிலும் உயர்ந்ததை, எடுத்துப் பொன்மலரின் போனுக்கு அனுப்பும். ஒரு வருடமாக அறை மூன்று, நாலு பாகைக் குளிரில்தான் கிடந்தது. புறோகிராம் ஒரு நாளும் பிசகவில்லை. பொன்மலர் அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

இப்போது புதிய இயந்திரம் பூட்டி, முதன்முறையாக இறாலை உறையவைத்திருந்தாள். வாங்குகிறவர்களின் லொறி கொழும்பிலிருந்து வந்து வாசலில் நின்றது. அவர்களுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: அறை பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகையிலாவது இருந்திருக்கவேண்டும். அதற்கு மேலே ஏறியிருந்தால் ஏற்றமாட்டார்கள். முதல் சரக்கே திரும்பினால், அடுத்த சரக்கு என்ற பேச்சே இல்லை.

அன்று காலை பொன்மலரின் போனுக்கு வந்த செய்தி: ஆகக்கூடிய வெப்பநிலை 0.

"தங்கச்சி, எல்லாம் போச்சு," என்றாள் பொன்மலர் போனில். "ராத்திரி பிறீசர் நிண்டிட்டுது போல. றால் முழுக்க உருகித் திரும்ப இறுகியிருக்கு."

"கையிலை எடுத்துப் பாத்தா எப்பிடி இருக்கக்கா?"

"கல்லு மாதிரித்தான் கிடக்கு. பெட்டியைச் சரிச்சா ஒவ்வொண்டாக் கொட்டுப்படுது. ஆனா உங்கடை கணக்குப் பிழைக்குமே? லொறியைத் திருப்பி அனுப்பப்போறன்."

உருகி இறுகிய இறால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்திருக்கும். ஏசியிருந்தால்கூட மிரியம் தாங்கியிருப்பாள். பொன்மலர் தன் கையில் இருக்கும் இறாலை நம்பாமல் மிரியம் எழுதியதை நம்புகிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"போக விடாதேங்கோ அக்கா. நான் வாறன்."

ஸ்கூட்டியில் பறந்து வந்தவளுக்குப் புகையிரதக் கடவையில் கேற் பூட்டிக் கிடந்தது. புகையிரதம் வரும் வரைக்கும் நிற்க வேண்டியதாயிற்று. நின்ற இடத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. இயந்திரம் நின்று வெப்பம் ஏறியிருந்தால் ஏதாவது தசமத்தோடு ஒரு இலக்கம் வந்திருக்கும். அச்சொட்டாகப் பூச்சியம் எங்கிருந்து வந்தது? அந்தப் பூச்சியத்தைத் தானே தன் கையால் எழுதியது நினைவுக்கு வந்தபோது, கேற் திறந்து பின்னால் நின்றவர்கள் ஹோர்ண் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

குருநகரில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தாள். அவள் நினைத்தது சரிதான். புறோகிராம் 'இதுவரை ஆகக்கூடியது' என்று ஒரு இலக்கத்தைக் கையில் வைத்திருக்கும். ஒவ்வொரு வெப்பநிலையாக எடுத்து அதோடு ஒப்பிடும். புதியது கூடவென்றால், பழையதைப் போட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். ஒன்றையும் பார்க்கமுதல் கையில் என்ன இருக்கவேண்டும்? மிரியம் பூச்சியத்தை வைத்திருந்தாள். அதற்குக் கீழேயும் ஒரு குளிர் உண்டு என்று கொக்குவில்காரிக்கு எப்படித் தோன்றும்? நேற்றிரவு வந்த இலக்கங்கள் எல்லாமே பூச்சியத்துக்குக் கீழே. ஒன்றாலும் பூச்சியத்தை வெல்ல முடியவில்லை. ஓட்டப்போட்டிக்கே வராதவன் முதற்பரிசைத் தட்டிக்கொண்டு போன மாதிரி, அறைக்குள் இல்லாத ஒரு வெப்பநிலை வென்றுவிட்டது.

பூச்சியத்தை அழித்தாள். அந்த இடத்தில் அந்த இரவில் வந்த முதல் வெப்பநிலையையே வைத்தாள். மறுபடி ஓட்டினாள். பூச்சியத்துக்குக் கீழே பதினேழு என்று வந்தது.

'சென்சரிலை சின்னக் கோளாறு அக்கா' என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. முதல் வேலை, முதல் நல்ல பெயர்! நிமிர்ந்து பார்த்தாள். பொன்மலர் கையுறையைக் கழற்றிவைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள். இறால் உரிக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் குந்தியிருந்தார்கள்.

"அக்கா, பிறீசர் நிக்கேல்லை. பிழை நான் எழுதினதிலை," என்றாள் மிரியம்.

பொன்மலர் கேட்டது ஒன்றுதான். "அப்ப என்ரை றால் நல்லதே?"

"ஓம் அக்கா, றால் நல்லது. என்ரை கணக்குத்தான் பழுது."

"மாதாவே!" என்று நெற்றியில் சிலுவை போட்டவள், ஈரக் கையோடு மிரியத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டை முழுக்க இறால் மணம்.

லொறிச் சாரதி சீவரத்தினம் திரையில் இரவு முழுக்கப் பதிவான இலக்கங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கொழும்பில் இருக்கும் தன் கம்பனிக் கந்தோருக்கு ஒவ்வொன்றாக வாசித்தார். பேசி முடித்ததும், "ஏத்தச் சொல்லினம்," என்றார். பெண்கள் சிரித்துக்கொண்டே எழும்பினார்கள்.

"இனி வேறை ஆளைத்தான் பிடிப்பியள் என்னக்கா?" என்று கேட்டாள் மிரியம்.

"ஏன் பிள்ளை? சாட்டுச் சொல்லாமல் ஓடி வந்த ஆளை விட்டிட்டு நான் ஆரைத் தேடுறது?"

மிரியத்துக்குக் கண் முட்டிவிட்டது. மடிக்கணினியை மூடிக் கையில் எடுத்தாள். கவிழ்த்த மீன்பெட்டியில் குந்திவிட்டாள். வாழ்நாளில் யாருக்கும் அவள் இவ்வளவு கடமைப்பட்டதாக உணர்ந்ததில்லை.

"அம்மாவுக்குக் கொண்டுபோங்கோ," என்று பொன்மலர் அன்று வந்த பச்சை இறால் கூடைக்குள் கை விட்டாள். முதலில் அகப்பட்டதை எடுத்தாள். பக்கத்தில் அதைவிடப் பெரியது கண்ணில் பட்டது, முதலாவதைப் போட்டுவிட்டு அதை எடுத்தாள். அடுத்தது சிறியது, கணக்கெடுக்கவில்லை. அதற்கடுத்தது பெரியது, கை மாறியது. மிரியம் பார்த்துக்கொண்டிருந்தவள், கண்ணீரோடு சிரித்துவிட்டாள்.

"என்ன தங்கச்சி சிரிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை அக்கா. நீங்கள் எடுங்கோ, எடுங்கோ. நான் பாக்கிறன்."